ஊமைத்துரையும் செய்தி சென்ற வழியும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிச் சாலைகளில் வண்டிகளுக்குக் குறைவில்லை. அருவியில் நீராடவும் குற்றாலநாதரைத் தரிசிக்கவும் வருகிற ஜனத்திரளில், 1798-ம் வருஷம் இதே ஊருக்கு ஒரு வெள்ளைக்கார அதிகாரியைக் காண்பதற்கென்றே வந்து, காணாமல் திரும்பிய பாளையக்காரர் ஒருவரை நினைப்பவர்கள் மிகச் சிலராகவே இருப்பார்கள். அவர் பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டியக் கட்டபொம்மன். அவரை வரும்படி உத்தரவிட்ட கலெக்டர் ஜாக்ஸன் அப்பொழுது குற்றாலத்தில் இருந்தார். கட்டபொம்மன் வந்து சேர்ந்தபோது பேட்டி மறுக்கப்பட்டது. துரை சொக்கம்பட்டிக்குப் புறப்பட்டார், பாளையக்காரரும் பின்தொடர்ந்தார். அங்கிருந்து சிவகிரி, சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், கமுதி என்று அந்த யாத்திரை நீண்டு, கடைசியில் இராமநாதபுரத்தில் முடிந்தது. 23 நாட்கள், சுமார் 400 மைல் என்று சரித்திரக்காரர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்த அலைச்சலை நம்மவர்கள் ஓர் அவமானத்தின் கதையாகவே சொல்லி வருகிறார்கள். அது அவமானந்தான். ஆனால் அதில் வேறொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. சேர வேண்டிய இடம் நகர்ந்துகொண்டேயிருந்தால், அங்கே போய்ச் சேரும் வழியை எப்படி அறிவது? துரை குற்றாலத்தில் இருக்கிறார் என்ற செய்தி பாஞ்சாலங்குறிச்சிக்கு எட்டிய தினத்தில் உண்மையாயிருந்தது. பயணம் முடிந்த தினத்தில் பயனற்றுப் போயிற்று. பழைய செய்தியை நம்பிப் புதிய வழியில் நடப்பவன் எப்பொழுதும் ஒரு நாள் பிந்தியே வந்து சேருவான். போர்க்களத்தில் ஒரு நாள் பிந்துகிற செய்தி, வராத செய்திக்குச் சமானம். இந்தச் சங்கடத்தைத் தம் வாழ்நாளில் ஓரளவு வென்று காட்டியவர் கட்டபொம்மனுடைய தம்பி. வாய் பேச இயலாதவர். அவரைப் பற்றியே இன்று எழுத முற்பட்டோம்.

ஊமைத்துரை என்று நாடு முழுவதும் அறிந்த அந்த வீரருக்குப் பெற்றோர் இட்ட பெயர் குமாரசாமி. தகப்பனார் ஜகவீர கட்டபொம்மன், தாயார் ஆறுமுகத்தம்மாள். அவருடைய இளமையைப் பற்றி நாட்டுப் பாடல்கள் கூறுவன பல. பாடகர்களின் அன்பு எது, நடந்த சங்கதி எது என்று அவற்றில் பிரித்தெடுப்பது கடினமாகையால் அவற்றை விட்டுவிடுகிறோம். இராமநாதபுரத்தில் ஜாக்ஸன் துரை கட்டபொம்மனை நெடுநேரம் நிற்க வைத்து விசாரித்துச் சிறைப்படுத்த எத்தனித்தபோது, தம் ஆட்களுடன் கோட்டைக்குள் புகுந்து தமையனாரை மீட்டு வெளியேற்றியவர்களில் முதல்வராக ஊமைத்துரையைக் காண்கிறோம். அந்தக் கோட்டை வாசற் கைகலப்பில் லெப்டினென்ட் கிளார்க் என்பவர் மாண்டார். பாளையத்தின் காரியஸ்தர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். பின்னர் சென்னையில் நடந்த விசாரணையில் குற்றம் கட்டபொம்மன் பக்கம் இல்லை என்று தீர்ந்து, பிள்ளையவர்கள் விடுதலையானதும், ஜாக்ஸன் உத்தியோகம் இழந்ததும், லஷிங்டன் கலெக்டராக வந்ததும் யாவரும் அறிந்தவை.

ஊமைத்துரை எப்படிப்பட்டவர் என்று நமக்குச் சொல்லி வைத்தவர் அவருடைய பகைவர் ஒருவரே. கும்பினிப் படையில் இளம் அதிகாரியாக இருந்து 1801-ம் வருஷப் போர்களில் கலந்துகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ், 1830-ல் லண்டனில் பிரசுரித்த தமது இராணுவ நினைவுகளில், உயர்ந்து மெலிந்த, நோயாளியைப் போன்ற தோற்றமுடைய ஓர் இளைஞரை வர்ணிக்கிறார். காது கேளாது, பேச்சும் இல்லை. ஆயினும் அவரில்லாமல் ஆலோசனைச் சபை கூடியதில்லை. துணிகரமான காரியம் எதுவும் அவர் முன்னிற்காமல் நடந்ததில்லை. அவருடைய சிறு சைகையையும் தெய்வ வாக்காகக் கொண்டு ஜனங்கள் பறந்து சென்று நிறைவேற்றினார்கள் என்று அந்த வெள்ளைக்காரர் வியந்து எழுதியிருக்கிறார். தாக்குதலுக்கு அவர் உத்தரவிட்ட விதமும் அங்கே காணப்படுகிறது. சிறிய வைக்கோல் துண்டுகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் அடுக்குவார்; அவை ஆங்கிலப் படை. நேரம் முதலானவற்றை வேறு சைகைகளால் உணர்த்துவார். பிறகு மற்றொரு கையை அதன்மேல் ஓட்டி, வாயால் சீறும் ஒலி ஒன்றை எழுப்பி, அந்த வைக்கோலைத் துடைத்தெறிவார். அதுவே யுத்த ஆக்கினை.

இதை ஊமையின் விசித்திரம் என்று எண்ணி வாசகர்கள் கடந்துவிடக் கூடாது. ஒரு தளபதியின் உத்தரவு பத்து வாய் மாறும்பொழுது பத்து உருவம் எடுக்கும். கையில் வைக்கோலை அடுக்கித் துடைத்துக் காட்டுகிற உத்தரவை எவன் பார்த்தானோ, அவன் அதை அப்படியே அடுத்தவனுக்குச் செய்து காட்டலாம், எழுத்தறிவு வேண்டியதில்லை, ஓலை வேண்டியதில்லை, வழியில் பிடிபட்டால் அவனிடம் பறிப்பதற்கு ஒன்றும் இல்லை. உத்தரவைப் பெறுகிறவன் எவனோ அவனே அதை மேலே கொண்டு செல்கிறவனும் ஆகிறான்.

இந்த வாக்கியத்தையே இன்றைய ராணுவ நிபுணர்கள் தங்கள் கம்பியில்லாத் தொடர்பின் முதல் விதியாகக் கொண்டிருக்கிறார்கள். நமது பைகளில் இருக்கும் கைபேசி ஊருக்கு ஊர் நாட்டிய கோபுரங்களை நம்பிப் பேசுகிறது. கோபுரம் சாய்ந்தால் கைபேசியும் ஊமை. யுத்த பூமியில் கோபுரம் நாட்டுவது பகைவனுக்குக் குறி காட்டுவதாகும். ஆகவே கோபுரமே இல்லாமல், ஒவ்வொரு சிப்பாயின் கருவியும், ஒவ்வொரு வண்டியின் கருவியும் தனக்கு வரும் செய்தியை ஏற்பதோடு பிறர் செய்தியையும் வாங்கி அண்டையிலிருக்கும் கருவிக்குத் தள்ளிவிடும்படி அமைக்கிறார்கள். குற்றாலத்து மலைகளைப் பார்க்கிறவர்களுக்கு இதன் அவசியம் எளிதில் விளங்கும். மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அனுப்பும் குறுகிய ரேடியோ அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதாகையால் ஆரியங்காவுப் பக்கம் இருப்பவனை எட்டாது. இரண்டு பக்கமும் காணக்கூடிய முகட்டில் மூன்றாமவன் ஒருவன் நின்று வாங்கிக் கொடுத்தால் எட்டும். அந்த மூன்றாமவனும் நடந்துகொண்டிருந்தால்? அப்பொழுது நான்காமவனைத் தேட வேண்டும். யாரும் ஓரிடத்தில் நில்லாத கூட்டத்தில் கணத்துக்குக் கணம் வழி கண்டுபிடிப்பதே இந்தக் கலையின் சாரம்.

அமெரிக்க ராணுவ ஆராய்ச்சித் துறையார் 1973-ம் வருஷம் முதல் ஸான் பிரான்ஸிஸ்கோ குடாப் பிரதேசத்தில், குன்றின் உச்சிகளில் அஞ்சற் கருவிகளை வைத்தும், ஒரு வண்டிக்குள் கருவிகளை ஏற்றிச் சாலையில் ஓட்டியும் இதைப் பரீக்ஷித்தார்கள். 1976 ஆகஸ்டில் அவர்களுடைய முக்கியமான சோதனை ஒன்று, ஊருக்கு வெளியே இருந்த ஒரு மதுக்கடையின் தோட்டத்து மேஜைமேல் கருவியை வைத்து நடத்தப்பட்டது என்பதை வேடிக்கைக்காகக் குறிப்பிடுகிறோம். நம் நாட்டில் எந்தப் புதிய யந்திரத்தைக் கண்டாலும் இது நம் முன்னோரிடம் முன்பே இருந்தது என்று மார்தட்டுகிற வழக்கம் ஒன்று உண்டு. அந்த வழக்கத்துக்கு நாம் துணை போகவில்லை. ஊமைத்துரைக்கு ரேடியோ தெரியாது. செய்தி செல்லும் வழி என்ற பிரச்னை அவருக்குத் தெரியும். அவ்வளவே நாம் சொல்வது.

1799-ம் வருஷம் கும்பினியார் இந்தப் பிரச்னையைத் தங்களுக்குச் சாதகமாகத் தீர்க்க முனைந்தார்கள். அவர்களுடைய கணக்கு எளியது. நடுவிலிருக்கும் ஒருவரை நீக்கினால் சுற்றியுள்ள பாளையங்கள் ஒன்றோடொன்று பேச வகையின்றிச் சிதறிவிடும் என்பது. செப்டம்பர் மாதம் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். சிவசுப்பிரமணிய பிள்ளை நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்ட கட்டபொம்மன், மற்றப் பாளையக்காரர்கள் பார்த்திருக்க, அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டை தரைமட்டமாயிற்று. ஊமைத்துரையும் மற்றொரு சகோதரரான செவத்தையாவும் உறவினரும் பாளையங்கோட்டைச் சிறையில் அடைபட்டார்கள். ஏறக்குறைய பதினாறு மாதம். சிறையில் வைசூரி புகுந்து பலரைக் கொண்டுபோயிற்று. நோயின் காரணமாகவே கைதிகளின் விலங்குகள் கழற்றப்பட்டன.

1801 பிப்ரவரி 2-ந் தேதி மாலை, மேஜர் மெக்காலேயின் இல்லத்தில் வெள்ளை அதிகாரிகளும் அவர்களுடைய ஸ்திரீகளும் விருந்துண்டு கொண்டிருந்தார்கள். அதே நேரத்தில் சிறைக்கு வெளியே, வேஷம் மாறி வந்திருந்த பாஞ்சாலங்குறிச்சி ஆட்கள் காத்திருந்தார்கள். ஆயுதங்கள் விறகுக் கட்டுகளுக்குள் மறைந்து ஊருக்குள் வந்தன என்பது வழிவழியாக வரும் செய்தி. சைகை கிடைத்தவுடன் காவலர்கள் மடக்கப்பட்டார்கள், சகோதரர்கள் வெளியேறினார்கள். வழியிலிருந்த காவல் நிலைகளில் சுமார் நூறு பேரை நிராயுதபாணிகளாக்கி, முப்பது மைலையும் ஓர் இரவிலேயே கடந்து, பொழுது விடியுமுன் பாஞ்சாலங்குறிச்சி மண்ணை மிதித்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் மெக்காலே துரையைத் திகைக்க வைத்தது. சில நாட்களில் படை திரட்டிக்கொண்டு அவர் வந்தார். இடிந்த மண்மேட்டையும் ஓடி ஒளிந்த கைதிகளையும் எதிர்பார்த்தார். எதிரே நின்றது புதிய மதில். அதன்மேல் ஆயிரத்து ஐந்நூறு பேர் ஆயுதபாணிகளாக நின்றார்கள் என்று வெல்ஷ் எழுதுகிறார். ஆறு நாளில் எழுந்த கோட்டை என்று நம் நாட்டார் பாடுவது பொய்யன்று. தாக்க வலிவில்லாமல் மெக்காலே பாளையங்கோட்டைக்குத் திரும்பினார்.

தலைவர்கள் பதினாறு மாதம் சிறையிலிருந்தார்கள், தலைமைக் கோட்டை இல்லை, தபால் இல்லை, ஆயுதம் தாங்கக் கூடாது என்று கட்டளை. இவ்வளவுக்கும் பிறகு ஒரு வாரத்துக்குள் அத்தனை ஆட்களும் மண்வெட்டியோடும் வேலோடும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்றால், அவர்களைக் கூப்பிட்டது யார்? ஓர் ஊரின் மறுக்காரன் அடுத்த ஊரின் எல்லை வரையில் ஓடியிருப்பான். அங்கிருந்து வேறொருவன் ஓடியிருப்பான். நடுநாயகம் போய்விட்டது என்று கும்பினியார் எண்ணிய வலையில் நடுநாயகம் என்பதே ஒருபோதும் இல்லை. எந்த ஊருக்கும் இரண்டு மூன்று அண்டை ஊர்கள். ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி. அணுகுண்டு விழுந்தாலும் அறுந்துபோகாத தொடர்பு எது என்று 1960-களில் ஆராய்ந்த பால் பாரன் என்ற அமெரிக்கர் வந்து சேர்ந்த முடிவும் இதுவே. நடுவில் ஒரு புள்ளியை வைத்து நக்ஷத்திரம் போலக் கம்பி இழுத்தால் ஒரு குண்டில் எல்லாம் போகும். மீன்வலை போலப் பின்னினால் பல முடிச்சுகள் அறுந்தும் வலை நிற்கும்.

அப்படிப்பட்ட வலையில் வழியை அறிய நிபுணர்கள் இரண்டு முறைகளைக் கையாளுகிறார்கள். ஒன்று, ஒவ்வொரு கருவியும் ஓயாமல் அண்டை வீட்டாரை விசாரித்து, யாரிடம் எப்படிப் போவது என்ற பட்டியலை எந்நேரமும் தயாராக வைத்திருப்பது. மற்றொன்று, சும்மா இருந்து, செய்தி அனுப்ப வேண்டிய சமயத்தில் மட்டும் இன்னாருக்கு வழி தெரியுமா என்ற கேள்வியை நாற்புறமும் பரப்பி, தெரிந்தவரிடமிருந்து விடை வந்தபின் அந்த வழியே அனுப்புவது. இவ்விரண்டு முறைகளிலும் பெயர்பெற்ற விதிமுறைகள் 2003-ல் அச்சாகி வெளிவந்தன. முதல் முறையில் தாமதமில்லை. ஆனால் ஓயாத பேச்சினால் மின்கலம் தீர்ந்துபோகும், பகைவன் ஒட்டுக்கேட்டு இருப்பிடத்தையும் அறிவான். இரண்டாவதில் மௌனம் உண்டு. முதல் செய்திக்குத் தாமதமும் உண்டு. அதில் ஒரு நுட்பத்தையும் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு வழிச் செய்திக்கும் ஏறுமுகமாக எண் இட்டு, எண் பெரிதாயிருப்பதே புதிது என்று கொண்டு, பழையதைத் தள்ளிவிடுவது. ஜாக்ஸனைத் தேடி அலைந்த அந்த 23 நாட்களில் கட்டபொம்மனுக்கு இல்லாதிருந்தது இதுதான்.

பதினாறு மாதம் வாய் திறவாமல் இருந்து, வேண்டிய ஒரே இரவில் விழித்துக்கொண்ட பாஞ்சாலங்குறிச்சி வட்டாரம் இரண்டாவது முறையைச் சேர்ந்தது என்று நாம் கருதுகிறோம். மௌனமே அதைக் காத்தது. கும்பினியின் ஒற்றர்களுக்குக் கேட்பதற்கு ஒன்றுமே இல்லை.

தூத்துக்குடி, புரட்சிக்காரர் வசமாயிற்று. அங்கே சிறைப்பட்ட ஆங்கில அதிகாரி ஒருவரை அவருடைய மனைவியின் வேண்டுகோளுக்கு இரங்கி விடுவித்தார்கள் என்பதை ஆங்கிலேயரே பதிந்திருக்கிறார்கள். மார்ச் 31-ந் தேதி மெக்காலே மறுபடியும் கோட்டையைத் தாக்கிப் பெருஞ்சேதமடைந்து பின்வாங்கினார். பிறகு கர்னல் அக்னியூ பெரும் பீரங்கிகளுடன் வந்தார். மே மாதம் 24-ந் தேதி கோட்டை விழுந்தது. மதிலைப் பிளந்தவை பீரங்கிகள். அவற்றுக்கு எந்தச் சைகையும் மறுமொழி ஆகாது.

ஊமைத்துரை குற்றுயிராய்க் களத்தில் விழுந்தார். அன்று நடந்த ஒரு சம்பவத்தை வெல்ஷ் சொல்லுகிறார். கோட்டையிலிருந்து சில மைல் தூரத்தில், மாண்டவர்களிடையே தன் மகனைத் தேடி வந்த தாய் ஒருத்தி, சாகும் தறுவாயில் அவனைக் கண்டாள். அவனோ தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிடந்த சாமியைக் காப்பாற்றும்படி வேண்டினான். ஊமைத்துரையை அவர்கள் சாமி என்றே வழங்கி வந்தார்கள். பெண்கள் அவரைத் தூக்கிச் சென்றார்கள். தேடிக்கொண்டு எட்டயபுரத்து ஆட்கள் வந்தபோது, உடல் மேல் துணியைப் போர்த்தி, வைசூரியில் மாண்டவன் என்று அழுதார்கள். வந்தவர்கள் அஞ்சி ஓடினார்கள். பாளையங்கோட்டைச் சிறையில் அவருடைய இனத்தாரை வாரிக்கொண்டுபோன அதே நோயின் பெயர் அன்று அவரைக் காத்தது. பெயர் தெரியாத அந்தத் தாயைப் பற்றிச் சரித்திரம் இதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

புண் ஆறுவதற்குள் அவர் சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். அங்கே, 1801 ஜூனில், சின்ன மருதுவின் பெயரால் ஓர் அறிக்கை வெளியாயிற்று. திருச்சிராப்பள்ளியில் நவாபின் அரண்மனை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் அது ஒட்டப்பட்டது. அதன் அரசியல் சாரத்தை நம் பத்திரிகைகள் பல முறை எடுத்துப் பேசியிருக்கின்றன. நமது நோக்கம் அதன் கடைசிப் பகுதியில் இருக்கிறது. காண்கிறவர் யாராயினும் கவனமாகப் படிக்க வேண்டும், படித்ததைப் பிரதி எடுத்துப் பரப்ப வேண்டும், பரப்பாதவர் கங்கைக் கரையில் காராம் பசுவைக் கொன்ற பாவத்துக்கு ஆளாவர், கிழித்தெறிகிறவர் பஞ்சமாபாதகம் செய்தவர் ஆவர் என்று அது விதிக்கிறது. யாருக்கு என்று முகவரியிடாமல் எல்லோரையும் அஞ்சற்காரராக்கி வெள்ளம்போல் செய்தியைப் பாய்ச்சும் முறை இது. இன்றைய கருவிகளும் வழி தெரியாதபோது இவ்வாறே செய்கின்றன. வெள்ளத்துக்கு ஒரு குறையும் உண்டு. அது நண்பன் வயலுக்கும் பகைவன் வயலுக்கும் ஒன்றுபோலப் பாயும். திருச்சியில் அதைப் படித்தவர்களில் கும்பினி உத்தியோகஸ்தர்களும் இருந்தார்கள்.

இப்படிப்பட்ட வலை எதனால் அறுந்தது? இதைச் சொல்லாமல் விட்டால் சரித்திரம் எழுதியதாகாது. கையிலுள்ள ஆள் வழியாகவே செய்தி போகவேண்டுமானால், அந்த ஆள் நம்பகமானவனாக இருக்க வேண்டும். இன்றைய நிபுணர்களும் தங்கள் கருவிகளைக் குறித்து மிகவும் அஞ்சுவது இதைத்தான். பகைவன் கைப்பட்ட கருவி ஒன்று வலைக்குள் நின்று, நீ தேடும் இடத்துக்குக் குறுக்கு வழி என்னிடம் இருக்கிறது என்று உடனே விடை கொடுக்கும். எல்லாச் செய்தியும் அதை நோக்கி ஓடும். ஓடியது ஒன்றும் மறுபுறம் வெளிவராது. இதற்குக் கருந்துளை என்று பெயரிட்டிருக்கிறார்கள். இரகசியக் குறியீடு மட்டும் இதற்குப் பரிகாரமாவதில்லை; யார் யாருக்கு உண்மையாக அஞ்சல் செய்கிறார்கள் என்பதை அண்டையில் நிற்பவர்களே கவனித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

நெல்லைச் சீமையில் எட்டயபுரம் கும்பினியோடு நின்றது, புதுக்கோட்டை நின்றது, இன்னும் சிலவும் நின்றன. நெற்கட்டான்செவல் பூலித்தேவர் 1755 முதல் மேற்குப் பாளையங்களை ஒன்றுசேர்க்கப் பாடுபட்டு, 1761-ல் யூசுப்கானிடம் கோட்டைகளை இழந்த காலத்திலும் இதே பிளவுதான். இன்று தென்காசி ஜில்லாவில் சேர்ந்திருக்கும் சிவகிரியிலோ பிளவு ஒரே வீட்டுக்குள் புகுந்தது. பாளையக்காரர் ஒரு பக்கம், அவருடைய மகன் கட்டபொம்மன் பக்கம். அந்த ஊருக்கு ஓலை கொண்டு போகிறவன் எந்த வாசலைத் தட்டுவது என்று எண்ணிப் பார்த்தால், சண்டையில் தோற்பதற்கு முன்பே எவ்வளவு தோற்றுவிட்டோம் என்பது தெரியும். எதிர்ப்பக்கம் நின்றவர்கள் அனைவரையும் துரோகி என்று ஒரே சொல்லால் முடித்துவிடுவது சுலபம். பாஞ்சாலங்குறிச்சியாருக்கும் எட்டயபுரத்தாருக்கும் எல்லைத் தகராறு தலைமுறைகளாக இருந்தது. கும்பினி அந்தப் புண்ணிலே கைவைத்தது. எட்டயபுரத்தில்தான் 1882-ல் பாரதியார் பிறந்தார். தென்காசிக்கு அருகிலுள்ள கடையத்திலும் சில காலம் வாழ்ந்தார். ஊரின் பெயரை வைத்து ஜனங்களைப் பழிக்கிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

கட்டபொம்மன் பெயரை இன்று தாங்கி நிற்பது திருநெல்வேலி ஜில்லா விஜயநாராயணத்தில் 1990-ல் துவக்கப்பட்ட கடற்படைக் கம்பியில்லாத் தந்தி நிலையம். மிக நீண்ட அலைகளை அனுப்பும் உயரமான கம்பங்கள் அங்கே நிற்கின்றன. அந்த அலைகள் கடல்நீருக்குள் சில பத்து அடிகள் வரை ஊடுருவுமாகையால், நீர்மூழ்கிக் கப்பல்கள் மேலே வந்து தங்களைக் காட்டிக்கொள்ளாமலே உத்தரவுகளைப் பெறுகின்றன. அதே அலையில் அவை மறுமொழி சொல்ல இயலாது. கேட்கலாம், பேச முடியாது. ஓரிடத்தில் ஊன்றிய கம்பம், ஒரு பக்கமாய்ச் செல்லும் பேச்சு. ஊமைத்துரையின் முறைக்கு இது நேர் எதிர். நாட்டின் பாதுகாப்புக்கு இரண்டும் வேண்டியிருக்கின்றன. தமையனாரின் பெயர் கோபுரத்துக்குப் பொருந்தியது. கோபுரமில்லாமல் ஒருவர் பின் ஒருவராய்ச் செய்தியைக் கடத்தும் படைக் கருவிகளுக்குத் தம்பியின் பெயரை இட யாருக்கும் தோன்றவில்லை போலும்.

காளையார்கோவில் அக்டோபர் முதல் தேதி விழுந்தது. மருது சகோதரர்கள் 24-ந் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். திண்டுக்கல் பக்கத்து மலைகளில் போராட்டத்தைத் தொடர முயன்ற ஊமைத்துரையும் பிடிபட்டார். கயத்தாறு போதாதென்று எண்ணிய கும்பினியார் அவரைப் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டு வந்து, 1801 நவம்பர் 16-ந் தேதி, இடிந்த கோட்டையின் அருகில் தூக்கிலிட்டார்கள். கோட்டை நிலத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பது கர்ண பரம்பரை.

அதன்பின் வந்த கும்பினி உத்தரவுகள் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஜனங்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்கவும் விதித்தன. தூக்குக்குத் தப்பியவர்களில் 73 பேரை 1802 பிப்ரவரியில் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு அனுப்பினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அவர்களில் ஒருவன். அப்பொழுது பதினைந்து வயதுச் சிறுவன். 1818-ல் பினாங்குக்குப் போயிருந்த வெல்ஷ், அகாலத்தில் முதுமையடைந்த ஒரு மனிதன் தம் வாசலில் வந்து நிற்கக் கண்டார். முகம் அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகே அவன் யாரென்று அறிந்தார். ஊரிலிருக்கும் உறவினருக்கு ஒரு கடிதம் கொண்டு போகும்படி அவன் கேட்டான். அதை வாங்கிக்கொள்ளத் தமக்கு அனுமதியில்லை என்று வெல்ஷ் மறுத்துவிட்டார்.